பகல் விளக்கும் பாவாடையும்: மட்டாஞ்சேரியில் ஒரு நடை

தமிழில் பரதேசி என்பது வசைச்சொல். கோபம் வந்தால் பெற்ற பிள்ளையையே அப்படித் திட்டுகிறோம். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அதே சொல் ஒரு வழிபாட்டு இடத்தின் பெயராக நிற்கிறது: பரதேசி ஜூதப் பள்ளி. ஜூதர் என்றால் யூதர். பரதேசி என்றால் பிற தேசத்திலிருந்து வந்தவர், அவ்வளவுதான். பள்ளி என்ற சொல்லை மலையாளிகள் சர்ச்சுக்கும் மசூதிக்கும் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். நாம் அதைப் பள்ளிவாசலோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தத் தெருவுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாள் என்பது பூட்டிய கதவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இரண்டாம் முறை உள்ளே போய், தரையையும் விளக்குகளையும் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்தேன். பார்த்தாயிற்று என்றே நினைத்திருந்தேன். மூன்றாவது முறை, 2019 டிசம்பரில், ஊர் சுற்றிக் காட்டும் ஒரு சேச்சியோடு ஆறு பேராக நடந்தோம். கொச்சி யூதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதிக்கதை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சேச்சிக்கு அறுபது வயதிருக்கும். அம்மா வீடு பாலக்காடு என்பதால் தமிழ் நன்றாக வந்தது. கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "பள்ளியைப் பார்த்ததும் எல்லாரும் போயிடுவாங்க. நீங்க போகக்கூடாது மோளே. மீதி தெருவும் நடக்கணும்."

ஜூ டவுன் என்று எல்லோரும் சொல்லும் தெரு நீளமானது. பழம்பொருள் கடைகள், காஷ்மீர் சால்வைக் கடைகள், வாசனை எண்ணெய்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஜன்னல் கம்பிகளை. சில வீடுகளில் ஆறுமுனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. அப்புறம் மணம். சுக்கும் மிளகும் ஏலமும் அடுக்கிய கிடங்குகள் இந்தத் தெருவில்தான் இருந்தன, மிளகு வணிகச் சங்கத்தின் கட்டடமும் இங்கேதான். இவ்வளவு தூரம் யூதர்கள் எதற்கு வந்தார்கள் என்ற கேள்விக்கு மூக்கே முதல் பதிலைச் சொல்லிவிடும்.

தெருவின் வடகோடியில் பள்ளி. அதை ஒட்டியே கொச்சி ராஜாவின் அரண்மனை வளாகம், அதற்குள் பழையன்னூர் பகவதி கோயில். மதிலுக்கு அந்தப் பக்கம் பகவதி, இந்தப் பக்கம் தோரா என்னும் யூத வேதம். சேச்சி எங்களை அந்த மதில் ஓரமாக நிறுத்தி வரலாற்றைச் சொன்னார்.

யூதர்களின் பழைய ஊர் கொச்சி இல்லை, கொடுங்கல்லூர். நமக்குத் தெரிந்த பெயர் முசிறி. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறைமுகத்தை மண்ணடித்துத் தூர்த்தது, கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது. வணிகம் கொச்சிக்கு நகர, மக்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் தாக்குதல்களும் போர்ச்சுகீசியர் தொல்லையும் சேர, மிச்சமிருந்தவர்களும் வந்தார்கள். 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. அப்படித் துரத்தப்பட்டவர்களில் சிலரும், அலெப்போ, பாக்தாத் போன்ற ஊர்களின் வணிகர்களும் வந்து சேர்ந்தார்கள். பரதேசிகள் என்பது இவர்கள்தான். ராஜா தன் அரண்மனைக்கு அருகிலேயே கொடுத்த நிலத்தில் 1568-இல் பள்ளியைக் கட்டினார்கள். 1662-இல், டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற கோபத்தில் போர்ச்சுகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனது, பள்ளி மறுபடி எழுந்தது.

ஆக, பரதேசிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே யூதர்கள் இருந்தார்கள். மலையாளம் பேசி, மிளகு வாங்கி விற்று வாழ்ந்தவர்கள். மலபார் யூதர்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். உலகின் பெரும்பாலான யூதக்கூடங்களில் இந்த வழக்கம் கிடையாது. இது நம் மண் அவர்களுக்குக் கொடுத்தது. வெறுங்காலில் அந்தத் தரையை மிதிப்பது தனிச் சுகம். வெள்ளையில் நீல மை ஓடும் பீங்கான் ஓடுகள், 1762-இல் சீனத்துக் கான்டனிலிருந்து வந்தவை. கையால் வரைந்தவை என்பதால் ஒரே படத்திலும் மரக்கிளை ஓர் ஓட்டில் சற்றுத் தாழும், பக்கத்து ஓட்டில் நிமிரும். வரவழைத்தவர் எசக்கியேல் ரஹாபி. டச்சுக் கம்பெனிக்குப் பல பத்தாண்டுகள் தலைமை வணிகராக இருந்தவர். 1760-இல் வாசலில் மணிக்கூண்டு கட்டியவரும் அவரே. அதன் முகங்களில் எண்கள் வேறுவேறு எழுத்தில் இருக்கும், அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள்.

உள்ளே எல்லோரும் கண்ணாடி விளக்குகளைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். சேச்சி எங்களைப் பித்தளைக் கம்பி சூழ்ந்த நடுமேடையைப் பார்க்கச் சொன்னார். அங்கே நின்றுதான் தோராவை வாசிப்பது. பிறகு மேலே கை காட்டினார். மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவதாக ஒரு மேடை. இப்படி இரட்டை மேடை கேரளத்துப் பள்ளிகளுக்கே உரியது. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மேலேயிருந்து வாசிப்பார்கள், தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்குச் சொல் மிக அருகில் கேட்கும். பெண்களை மாடியில் வைத்த கூடம்தான். ஆனாலும் வேதத்தையும் அவர்கள் இருக்கும் தளத்துக்கே ஏற்றியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்தது.

நம் பக்கத்துச் சாயல் இன்னும் நிறைய. மணப்பெண்ணுக்குத் தாலி உண்டு. தோரா வாசித்து முடிக்கும் திருநாளில் சுருள்களை ஏந்தி வெளியே வந்து பள்ளியைச் சுற்றி வருவார்கள், கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல. பெண்கள் நோட்டுப்புத்தகங்களில் மலையாளப் பாட்டுகளை எழுதிவைத்து, கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் கூடிப் பாடினார்கள்.

அடுத்து செப்பேடு. மூலத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. ஆனால் இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் நெருக்கமான பொருள் அதுதான். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்தது. வட்டெழுத்தில், அன்றைய சேர நாட்டு மொழியில் இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் நம் காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். மன்னன் அப்போது இருந்த இடம் முயிரிக்கோடு, அதாவது நம் முசிறி. கொடை பெற்றவரின் பெயர் இசுப்பு இரப்பான். ஜோசப் ரப்பான்! சொல்லின் முதலில் ரகரம் வராது என்ற நம் மொழியின் பழைய கணக்குப்படி, ராமன் இராமன் ஆனதுபோல் ரப்பானுக்கும் முன்னால் ஓர் இகரம் வந்து நிற்கிறது. எங்கிருந்தோ கடல் கடந்து வந்த ஒரு பெயரைச் சேர நாட்டுச் செம்பு தன் வாயால் உச்சரித்துப் பார்த்திருக்கிறது.

என்னென்ன கொடுத்தார்கள்? அஞ்சுவண்ணம் கொடுத்தார்கள். அது மேலைக் கடலோடி வணிகர்களின் குழுவுக்குப் பெயர், 849-ஆம் ஆண்டின் கொல்லத்துச் செப்பேட்டிலும் வருகிறது. பகல் விளக்கு கொடுத்தார்கள்: பட்டப்பகலிலும் முன்னால் விளக்கேந்திச் செல்லும் மரியாதை. பாவாடை கொடுத்தார்கள். உடுத்துகிற பாவாடை இல்லை, நடக்கிற வழியில் விரிக்கும் துணி, நடைபாவாடை என்போமே அது. அந்தோளகம் என்ற பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம் என்ற ஊதுகொம்பு, தோரணம், தோரண விதானம். இப்படி எழுபத்திரண்டு உரிமைகள். உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் எடைக்கூலியும், தள்ளுபடி. இதெல்லாம் ரப்பானுக்கும் அவர் மக்களுக்கும் மருமக்களுக்கும், உலகும் நிலவும் இருக்கும்வரை.

வணிகம் செய்ய வந்தவர்களுக்கு வரிச்சலுகை கொடுப்பதில் வியப்பில்லை, அரசனுக்கும் அதில் லாபம் உண்டு. எனக்கு வியப்பு பகல் விளக்கில்தான். இந்த மண்ணில் குடையும் செருப்பும் மேலாடையும் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஆயிரம் கட்டுகள் இருந்தன. அவற்றை மீறியதற்கு அடி வாங்கியவர்களின் கதை நம் தாத்தா பாட்டி காலம்வரை நீளும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு யூதர் பகல் விளக்கோடும் குடையோடும் நடக்கலாம் என்று செம்பில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கொச்சி யூதர்கள் அதை மறக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளையை ரப்பானாகவே பாவித்து மரியாதை செய்தார்கள். 2017-இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் போனபோது, அந்த நாட்டுப் பிரதமருக்கு எடுத்துப்போன பரிசுகளில் இந்தச் செப்பேட்டின் நகலும் இருந்தது.

பெரும்பாலான நடைகள் இந்தப் பெருமையோடு முடிந்துவிடும். சேச்சி எங்களைக் கூடத்துக்கு வெளியே, வாசலை ஒட்டிய முன்னறைக்குக் கூட்டிவந்தார்.

"இங்கே யார் உட்காருவாங்க தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை.

பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூதர்களாகி, விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும். மெஷுஹ்ராரிம் என்பது அவர்களுக்கு எபிரேயத்தில் பெயர்: விடுவிக்கப்பட்டவர்கள். பெயரில்தான் விடுதலை. தொழுகை நடக்கும்போது அவர்கள் கூடத்துக்குள் சமமாக அமர முடியாது, முன்னறையில் அல்லது வாசலோரத் தரையில் இருக்க வேண்டும். மேடையேறித் தோரா வாசிக்கும் உரிமை இல்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. மலபார் யூதர்களோடும் பரதேசிகள் மணஉறவு வைக்கவில்லை, அவர்களைத் தங்கள் பள்ளியில் சரிசமமாக எண்ணவுமில்லை. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பேச்சே இரண்டாகிவிட்டது. இது சரியா என்ற கேள்வி பதினாறாம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த பெரிய ரப்பி (யூத மதகுரு) ஒருவரிடம் போனது. முறைப்படி முழுக்குச் சடங்கு முடிந்தால் அவர்களும் யூதர்களே, மணம் செய்யலாம் என்று அவர் பதில் எழுதினார். பதில் வந்தது, வழக்கம் மாறவில்லை.

எனக்குத் தாங்க முடியாமல் போனது இதுதான். செப்பேட்டின் உரிமை பழைய கொடுங்கல்லூர் யூதர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பரதேசிகள் வந்தது அதற்கு ஐந்நூறு ஆண்டு கழித்து. ஆனால் செப்பேடு பரதேசிகளின் பள்ளியில் இருந்தது, ரப்பானின் உண்மையான வாரிசுகள் நாங்களே என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டார்கள். துரத்தப்பட்டு வந்து இங்கே இடம் கிடைத்தவர்கள் இங்கிருந்த தங்கள் ஆட்களைப் படியிலேயே நிறுத்தினார்கள். சாதி அடுக்கும் இந்த ஊர்க் காற்றில்தான் இருந்தது, செருப்பைக் கழற்றும் வழக்கத்தைப் போலவே அதையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

படியில் நின்றவர்களின் குடும்பத்திலிருந்து வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-இல் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், 1929-இல் லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். ஊரில் அவரை யூத காந்தி என்பார்கள். தன் பள்ளியிலேயே தனக்கு இடமில்லை என்பதை எதிர்த்து அவர் கையிலெடுத்ததும் சத்தியாகிரகம்தான். நாற்பதுகளில் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950-இல் அவர் மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தை பம்பாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சேலம் 1967-இல் இறந்தார். மறு ஆண்டு இந்தப் பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், அஞ்சல் தலை வெளியிட்டார்கள்.

பிறகு மீதித் தெரு. தெற்கே போகப் போகக் கடைகள் மாறின. சால்வையும் சிலையும் போய், சாக்கு மூட்டையும் லாரியும் வந்தன. சுற்றுலாக் கூட்டம் ஒருவர்கூட இல்லை. மட்டாஞ்சேரியில் மட்டும் மூன்று பள்ளிகள் இருந்தன என்று சேச்சி நடந்துகொண்டே சொன்னார். பரதேசிப் பள்ளி ஒன்று, மலபார் யூதர்களின் கடவும்பாகம், தெக்கும்பாகம் இரண்டு. எர்ணாகுளத்திலும் அதே பெயர்களில் இரண்டு. பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. ஆக எட்டில் ஏழு மலபார் யூதர்களுடையவை. நமக்குத் தெரிந்தது எட்டாவது மட்டும். மட்டாஞ்சேரித் தெக்கும்பாகம் இப்போது இல்லை, விற்று இடித்துவிட்டார்கள். கடவு என்றால் துறை, கடக்கும் இடம். கடவுச்சீட்டு என்கிறோமே, அதே கடவு.

கடவும்பாகம் பள்ளியின் முன்னால் வந்து நின்றபோது அது பள்ளி என்று தெரியவே இல்லை. 1544-இல் கட்டியது, பரதேசிப் பள்ளியைவிட மூத்தது. 2019 செப்டம்பர் மழையில்தான் முன்பகுதி சரிந்திருந்தது, நாங்கள் பார்த்தபோது மூன்றே மாதம். செங்கல்லும் காரையும் குவிந்து, அவற்றின்மேல் பச்சையாகச் செடி முளைக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள்.

சேச்சி கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கருஞ்சிவப்பும் பொன்னுமாக வண்ணம் தீட்டிய மர விதானம், சதுரம் சதுரமாகச் செதுக்கிய பூக்கள். "இதுக்குள்ளே இருந்ததுதான் மோளே. இப்போ ஜெருசலேம்ல இருக்கு." தொண்ணூறுகளில் இஸ்ரேல் அருங்காட்சியகம் இந்தப் பள்ளியின் உட்புற மரவேலையை வாங்கிக் கழற்றிக் கொண்டுபோய், அங்கே ஒரு கூடமாக மறுபடி பொருத்தியது. முதலில் கோபம்தான் வாய்வரை வந்தது. இங்கேயே இருந்திருந்தால் அந்த மழையில் இதுவும் மண்ணோடு போயிருக்கும் என்று தோன்றியதும் அடங்கிவிட்டேன்.

அவர்கள் ஏன் போனார்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். துரத்தப்பட்டா? இல்லை. ஐரோப்பாவின் பல இடங்களில் யூதர் தெருக்கள் வெறுமையானதற்குக் காரணம் நாஜிகள் அவர்களை ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொன்றது. இங்கே அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. 1948-இல் இஸ்ரேல் உருவானபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் மலபார் யூதர்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழுகையில் ஜெருசலேமைச் சொல்லி வளர்ந்தவர்கள். 1954, 55-இல் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மாளாவில் பள்ளியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற குடியிருப்பில் அவர்களில் பலரை அமர்த்தினார்கள். பெரியாற்றுப் படுகையில் பிறந்தவர்கள் அந்த மணலில் கண்ணாடிக்கூடம் போட்டு ரோஜா வளர்த்து விற்றார்கள். வீடும் வணிகமும் இருந்த பரதேசிகள் அப்போது அவசரப்படவில்லை. பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கரைந்தார்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்த எண்ணிக்கை ஊரில் இல்லாமல் போய் வெகுநாள் ஆகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் எம்ப்ராய்டரிக் கடை ஒன்றில் நின்றோம். ரொட்டியை மூடும் வெள்ளைத் துணி, ஆண்கள் தலையில் வைக்கும் சிறிய தொப்பி எல்லாம் கையால் தைத்தவை. கடையை நடத்திவந்த யூத மூதாட்டி அந்த ஆகஸ்டில்தான், 96 வயதில் இறந்திருந்தார். பல ஆண்டுகளாக அவரைத் தாயைப்போலப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம், கடையும் இப்போது அவர் பொறுப்பில். அவரோடு சேச்சி மெதுவாக ஏதோ பேசினார், நான் ஒரு ரொட்டித்துணி வாங்கினேன். மூதாட்டிக்குப் பிறகு தெருவில் பரதேசி யூதர்கள் இரண்டே பேர் மிச்சம் என்றார்கள். 2024-இல் அவர்களிலும் ஒருவர் போய்விட்டார்.

பிரியும்போது நான் சேச்சியிடம், இன்னும் ஒரு நாள் இருக்கிறது, எங்கே போகட்டும் என்று கேட்டேன். "சேந்தமங்கலம் போ" என்று சொல்லி, பறவூரில் இறங்கி எந்தப் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்தார்.

போனேன். சிறிய ஊர். பள்ளி இப்போது அருங்காட்சியகம், அன்றைக்கு என்னைத் தவிர ஆளில்லை. அதன் முன்னால் ஒரு கல்லறைக்கல் நிற்கிறது. இஸ்ரயேலின் மகள் சாரா என்று எபிரேயத்தில் பெயர், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டுகளில் ஒன்று. பரதேசிப் பள்ளிக்கு முந்நூறு ஆண்டு மூத்தது, முசிறியைத் தூர்த்த அந்த வெள்ளத்துக்கும் முந்தையது. எழுத்துகள் மழையில் தேய்ந்திருந்தன. காவலர் வந்து, தொட வேண்டாம் என்றார். சரி என்று கையை எடுத்துக்கொண்டு, மூடும் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.